மிதிக்காமலே எரியும் பிரேக் லைட்: பழைய மாருதி வைத்திருப்பவர்களுக்கு

கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது மூடுபனி கவிந்துவிட்டால், பின்னால் வருகிறவருக்கு நம் வண்டியின் சிவப்பு விளக்குதான் துணை. அது பளிச்சென்று எரிந்தால் அவரும் பிரேக்கை மிதிப்பார். எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தால், நாம் நிஜமாகவே மிதிக்கிற நேரம் அவருக்குத் தெரியாது. எதிரே பஸ் ஏறி வருகிறதே என்று வளைவில் ஒதுங்கி நிற்போம். அவர் நேராக வந்து இடிப்பார். சரிசெய்வது சின்ன வேலைதான். ஆனால் சின்னக் கோளாறு என்று தள்ளிப்போடக் கூடாது.

வீட்டை ஒட்டிய ஷெட்டில் பழைய வண்டிகளைப் பார்க்கிறேன். வருவது பெரும்பாலும் மாருதி 800, ஆம்னி. இந்தக் கோளாறோடு வருகிறவர்களில் பலர் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். “அண்ணா, நைட் டூட்டி முடிஞ்சு வந்து நிறுத்தினேன். மத்தியானம் சாவியைத் திருப்பினா சத்தமே இல்லை” என்றார் ஒரு நர்ஸ். அவரிடம் பேட்டரியைத் தொடாமல் முதலில் பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். பெரும்பாலான வண்டிகளில் சாவியை எடுத்துவிட்டாலும் பிரேக் லைட்டுக்கு கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். 21 வாட் பல்பு இரண்டு. 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 3.5 ஆம்பியர். 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் பத்து மணி நேரம்தான் தாங்கும். நம் ஊர்க் குளிரில் பழைய பேட்டரி அவ்வளவுகூடத் தாங்காது.

முதலில் பார்க் லைட், ஹெட்லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். வண்டியைச் சமதளத்தில், அதன் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இரண்டு பக்கமும் எரிகிறதென்றால் கோளாறு பெடல் பக்கம். ஒரு பக்கம் மட்டும் என்றாலோ, பார்க் லைட் போட்டால்தான் எரிகிறது என்றாலோ, பல்பையும் ஹோல்டரையும் பாருங்கள். டபுள் ஃபிலமெண்ட் பல்பில் ஒரு இழை அறுந்து இன்னொன்றின் மேல் ஒட்டிக்கொள்வது உண்டு. எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் இப்படிக் கோணலாக எரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு டெய்ல் லேம்ப் கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே தண்ணீர் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பச்சை பூத்த இடத்தை எமரி பேப்பரால் தேய்த்து, ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினால் போதும்.

இனி பெடல். கால் வைக்கும் இடத்தில் விரித்த ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட்டு, பிரேக் பெடலின் அடியில் விரலைக் கொடுத்து மேலே தூக்கிப் பாருங்கள். லைட் அணைந்தால் பெடல் முழுசாக மேலே திரும்பவில்லை. ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பெடல் பின்னில் துருவும் மண்ணும் இறுகியிருக்கும். சுத்தம் செய்து துளி கிரீஸ் விடுங்கள்.

அணையவில்லையா? டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழையுங்கள். பெடல் கம்பியின் மேல்பக்கம் இரண்டு வயர் போகிற சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதன் முனையில் ஒரு பிளஞ்சர், அதாவது அமுங்கி எழும் சின்னத் தண்டு. பெடல் மேலே இருக்கும்போது அது அமுங்கியிருக்க வேண்டும். அமுங்கினால் லைட் அணையும், வெளியே வந்தால் எரியும். பிளஞ்சர் வந்து முட்டுகிற இடத்தில் பெடல் தகட்டில் ஒரு ஓட்டை, அதை அடைத்து ஒரு பிளாஸ்டிக் பொத்தான். ஸ்டாப்பர் என்போம். வயசாகிக் காய்ந்துபோனால் அது அப்பளம் மாதிரி நொறுங்கும். பிறகு பிளஞ்சர் அந்த ஓட்டைக்குள்ளேயே போய்விடும், லைட் அணையாது. மேட்டின் மேல் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

புது ஸ்டாப்பர் கோவை, மேட்டுப்பாளையம் ஸ்பேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சில்லறைக் காசில் முடிகிற விஷயம். அதுவரை, ஓட்டைக்குப் பொருந்தும் பட்டைத் தலை போல்ட் ஒன்றை நட்டோடு முடுக்கிவிடலாம். நாணயத்தைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள், அது வேண்டவே வேண்டாம். கழன்று பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஸ்டாப்பர் நன்றாக இருந்தால் பிளஞ்சரை விரலால் அமுக்குங்கள். லைட் அணைந்தால் ஸ்விட்ச் நல்லது, அட்ஜஸ்ட்மெண்ட்தான் தேவை. அணையாவிட்டால் கனெக்டரைப் பிடுங்குங்கள். அப்போது அணைந்தால் ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டது, புதுசு போடுங்கள். அப்போதும் எரிந்தால் வயரிங்கில் ஷார்ட், எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

அட்ஜஸ்ட் செய்கிற இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஸ்விட்சை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்விட்சைப் பெடலை நோக்கி மெல்லத் திருக வேண்டும். லைட் அணைந்த இடத்துக்கு மேல் கொஞ்சம், அவ்வளவே. அதற்கும் மேல் திருகினால் ஸ்விட்சே பெடலை அழுத்திப் பிடிக்கும். பிரேக் முழுசாக விடாது, டிரம் கொதிக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் ஏற்கெனவே சூடாகி இருக்கும்போது இது உயிருக்கு வினை. எனவே இன்ஜினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்து பிரேக் பூஸ்டரில் தங்கிய வேக்கத்தை (வெற்றிட இழுப்பை) தீர்த்துவிட்டு, பெடலைக் கையால் தொட்டுப் பார்த்தால் சிறு ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்கும் முன் சும்மா அசையும் இடைவெளி, இருக்க வேண்டும். கல்லை எடுத்து நியூட்ரலில் வண்டியைத் தள்ளினால் தடையில்லாமல் உருள வேண்டும்.

அம்பாசடர் போன்றவற்றில் ஸ்விட்ச் பெடலில் இல்லை, பிரேக் ஆயில் லைனிலேயே இருக்கும். அதைக் கழற்றினால் காற்று புகும், பிளீட் செய்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஸ்பேர் வரும்வரை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. பிரேக் லைட்டே இல்லாமல் மலை இறங்குவது முதல் ஆபத்து. பல வண்டிகளில் ஹார்னுக்கும் அதே ஃபியூஸ்தான். ஹார்ன் இல்லாமல் கொண்டை ஊசியில் எப்படித் திரும்புவது? ராத்திரி நிறுத்தும்போது பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள், போதும்.

வேலை முடிந்ததும் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து மெதுவாக மிதியுங்கள். பெடல் லேசாக அசைந்ததுமே எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும். பக்கத்துத் தெருவரை ஓட்டி வந்து, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். எல்லாமே அனல் அடித்தால், லாக் நட்டை மறுபடி தளர்த்தி ஸ்விட்சைச் சற்று பின்னே எடுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் அனல் அடித்தால் கோளாறு அந்தச் சக்கரத்தின் பிரேக்கில். அதைப் பார்க்காமல் மலை இறங்காதீர்கள்.