மலையூர் ஈரத்தில் பழைய பதிவேடுகள்

ஊர் வரலாறு சேர்க்கக் கிளம்பும் ஆசிரியருக்கு ஊட்டியில் முதல் எதிரி பூஞ்சணம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் தாளில் பிடித்துவிடும்; அறையில் ஈரமானி மாட்டுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும்.

நனைந்த பதிவேட்டை வெயிலில் காயவைத்தால் மை வெளுத்து, தாள் மொறுமொறுக்கும். நிழலில், விசிறிக் காற்று நேரே படாமல் உலர்த்தி, முகக்கவசம் கட்டிக்கொண்டு மென்தூரிகையால் துடையுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப்பா? கூடவே கூடாது, பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசிகளை மெல்லக் கழற்றுங்கள். எண்ணிடுவதற்கு மென்பென்சில் போதும்.

தாள்களை 300, புகைப்படங்களை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) ஸ்கேன் செய்யுங்கள்.

நீலகிரி கோவையிலிருந்து பிரிந்தது 1868-இல். அதற்கு முந்திய நிலச் சங்கதிகளைக் கோவை மாவட்டப் பதிவேட்டுக் கட்டுகளில் தேடுங்கள். 1830 முதல் 1843 வரை பெரும்பகுதி மலபாரோடு இருந்ததால் அந்தப் பக்கமும் பாருங்கள்.