குளோரின் போட்ட தண்ணீரில் குளோரோஃபார்ம் அளக்க சாம்பிள் எடுப்பது எப்படி?

தர்மபுரியில் தண்ணீர் டெஸ்ட் என்றாலே ஃபுளோரைடு தான். அதற்கு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வந்தால் போதும், அதுதான் சரியும்கூட. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆற்று நீரில் கரைந்த இலைதழைச் சத்தோடு குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும். குளோரோஃபார்ம் அதில் ஒன்று. எளிதில் ஆவியாகும் பொருள், பிளாஸ்டிக் பாட்டிலில் நிற்காது. லேபில் வேலை செய்யும் எனக்கு கருவியைவிட குழாயடியில் நடப்பதைப் பற்றித்தான் கவலை.

டெஃப்லான் அடைப்பு வைத்த 40 மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள் இரண்டை லேபிலேயே கேட்டு வாங்குங்கள். உள்ளே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்போம், கழுவிக் கொட்டிவிடாதீர்கள். மிச்சக் குளோரினை நிறுத்துவது அதுதான். இல்லாவிட்டால் வழியெல்லாம் வினை நடந்து, குழாயில் இருந்ததைவிட அதிகமாகக் காட்டும்.

மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் எடுக்காமல் ஊர்க்கடைசிக் குழாயில் எடுங்கள். குளோரினோடு இருக்கும் நேரம் கூடக் கூட இவையும் கூடும், வெயிலில் இன்னும் வேகமாக. ஆடியில் புதுவெள்ளம் வரும்போதும் ஒருமுறை எடுப்பது நல்லது.

குழாய் முனையில் வலை இருந்தால் கழற்றிவிட்டு, சில நிமிடம் திறந்து விடுங்கள். அப்புறம் வேகத்தைக் குறைத்து, குப்பியைச் சாய்த்து, நுரைக்காமல் நிரப்புங்கள். வாயில் தண்ணீர் மேடாக நிற்க வேண்டும், வழியக் கூடாது. மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். குமிழி தெரிந்தால் அந்தக் குப்பியை விட்டுவிட்டு வேறொன்றில் எடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கேயே டிபிடி கிட்டில் (மிச்சக் குளோரினை நிறம் வைத்துக் காட்டும் சிறு பெட்டி) குளோரின் அளவு பார்த்து, நேரத்தோடு எழுதி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும்.

குளோரினால் இதேபோல உண்டாகும் இன்னொரு வகையான ஹாலோஅசிட்டிக் அமிலங்களும் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு அம்மோனியம் குளோரைடு போட்ட தனிக் குப்பி.

நான்கு டிரைஹாலோமீத்தேன்களையும் லேபில் உள்ள கேஸ் குரோமடோகிராஃப் (ஆவியாகும் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) தனித்தனியாகக் காட்டும். ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி, ஒவ்வொன்றையும் அதன் வரம்பால் வகுத்துக் கூட்டுங்கள். குளோரோஃபார்ம் லிட்டருக்கு 60 மைக்ரோகிராம், வரம்பு 300: 0.2. புரோமோடைகுளோரோமீத்தேன் 36, வரம்பு 60: 0.6. டைபுரோமோகுளோரோமீத்தேன் 30, வரம்பு 100: 0.3. புரோமோஃபார்ம் இல்லை. மொத்தம் 1.1, ஒன்றைத் தாண்டிவிட்டது.

தாண்டினால் குளோரினை நிறுத்தச் சொல்லாதீர்கள், வயிற்றுப்போக்கு அதைவிட உடனடி ஆபத்து. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருந்தே தீர வேண்டும். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், தண்ணீர் எத்தனை நாள் தேங்குகிறது என்று டேங்க் ஆபரேட்டரிடம் முதலில் கேளுங்கள்.