ஊசி போடச் சொல்வதற்கு முன்

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தபோது, ஏழாம் வகுப்புப் பெற்றோரிடம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. தடுப்பூசியைப் பற்றிய வதந்திகள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றிய நேரம் அது. ஒரு அம்மா தன் போனில் வந்த குரல்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். “டாக்டருங்க எல்லாரும் நல்லதுன்னுதான் சொல்றாங்க” என்றேன். “நீங்க பார்த்தீங்களா டீச்சர்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் மகள் அன்று ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். ஆசிரியரோ, அங்கன்வாடிப் பணியாளரோ, மகளிர் குழுத் தலைவியோ, நாலு பேரிடம் ஊசி போடச் சொல்லும் யாருக்கும் இது உதவும்.

கண்ணால் பார்க்கக் கூடியதை முதலில் போய்ப் பாருங்கள். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நாள். செவிலியரிடம் திறக்காத குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் காட்டியவர் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, கோத்திருந்த நீரைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு நீட்டினார். மூடியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டும். உள்ளே இருப்பது தூள். அதற்கென்றே வரும் நீரில் கலந்து, நேரத்தைக் குறித்துவைப்பார்கள். நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைப் போடக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் புது சிரிஞ்சா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நம்மால் பார்க்கவே முடியாத விஷயம். ஊசியால் ஆட்டிசம் (பிறரோடு பேசிப் பழகுவதைச் சிரமமாக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு) வருமா? ஊரில் பத்துப் பிள்ளைகளைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இங்கே நிபுணர்களைத்தான் நம்ப வேண்டும். ஆனால் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணாதீர்கள், எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். இந்தப் பயத்தைக் கிளப்பியது 1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை. அதில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கிலோ 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை என்று 2019இல் எழுதினார்கள். இரண்டு ஆய்வும், நம் ஊசியில் இருக்கும் இரண்டோடு பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும் சேர்ந்த ஊசியைப் பற்றியவை.

இன்னொரு கேள்வியும் உண்டு: தப்பு நடந்தால் நிபுணர்களே கண்டுபிடிப்பார்களா? 1998இல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து வந்தது. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதாகப் பதினைந்து குழந்தைகளைப் பற்றித் தகவல் வந்ததுமே கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 1999லேயே மருந்து திரும்பப் பெறப்பட்டது. எனக்கு நம்பிக்கை வந்தது இதைப் படித்த பிறகுதான்.

பேசும்போது இரண்டையும் கலக்காதீர்கள். “இது நான் பார்த்தது, இது நான் நம்புவது, இன்ன காரணத்தால்” என்று பிரித்துச் சொல்லுங்கள். “ஒண்ணுமே ஆகாது” என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். ஒரு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சலும் தடிப்பும் வரலாம். சின்னக் குழந்தைகளுக்கு அரிதாகக் காய்ச்சல் வலிப்பு வரும். மிக மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை வரும். அரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்காகத்தான். முன்பே சொல்லாவிட்டால், காய்ச்சல் கண்ட வீட்டார் அடுத்த ஊசிக்கு வரமாட்டார்கள். கூடவே, தட்டம்மை (மணல்வாரி அம்மை) நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம் என்பதையும், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த அம்மாவின் வீட்டுக்கு மறுபடி போனபோது, “இவளுக்கு வீசிங் இருக்கே, போடலாமா?” என்று கேட்டார். தெரியாது, டாக்டரிடமே கேட்போம் என்றேன். அடுத்த புதன்கிழமை மூவரும் போனோம். போடலாம் என்றார் டாக்டர். ஊசிக்கு முன் அந்த அம்மா குப்பியைக் கையில் வாங்கி, மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, சதுரத்தைத் தானே பார்த்தார்.