நேரு–லியாகத் ஒப்பந்தத்தைப் பிள்ளைகளோடு வாசிப்பது எப்படி

பிரிவினைக்குப் பிறகும் வங்காளத்தில் கலவரத்துக்குப் பயந்து ஜனங்கள் எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, சிறுபான்மையினரைக் காக்க 1950 ஏப்ரல் 8-இல் டெல்லியில் இந்தியப் பிரதமர் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? தயவுசெய்து முதல் பத்தியிலிருந்து தொடங்காதீர்கள். எந்த மதமானாலும் சம குடியுரிமை, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு, வழிபாட்டுச் சுதந்திரம் எல்லாம் அதில் இருக்கிறது, ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் டியூஷன் முடிந்து பசியோடு உட்கார்ந்திருக்கும் ஐந்தாம் படிவப் பிள்ளைக்கு அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் வரியாகவே போய்விடும்.

150 ரூபாயிலிருந்து தொடங்குங்கள். பாகிஸ்தானில் இருந்த கிழக்கு வங்காளம், இந்தியாவின் மேற்கு வங்காளம், அசாம், திரிபுரா பக்கம் எல்லை தாண்டுகிறவர் ரொக்கமாக எடுத்துப்போக ஒப்பந்தம் விட்ட அளவு பெரியவருக்கு 150, பிள்ளைக்கு 75. வீட்டுச் சாமானும் நகையும் கொண்டுபோகலாம். ஆளுக்கொரு தாள் கொடுத்து, இன்றைக்கே லயத்து வீட்டை விட்டுக் கிளம்பினால் எதை எடுப்பாய் என்று எழுதச் சொல்லுங்கள், பாட்டி எழுதுவது வேறாக இருக்கும், அவரையும் கூப்பிடுங்கள். எழுதி முடித்ததும் அடுத்த விதியை வாசியுங்கள்: அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் திரும்பி வந்தால், வேறொருவர் குடியேறியிருந்தாலும் வீடும் நிலமும் உரியவருக்கே. வராவிட்டாலும் விற்கவோ மாற்றிக்கொள்ளவோ உரிமை உண்டு. சரி, பயந்து ஓடிய குடும்பம் எந்தத் தைரியத்தில் ஒன்பது மாதத்துக்குள் திரும்பும்? இந்தக் கேள்விக்கு நிறைய நேரம் கொடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் ‘யார் செய்வது?’ என்று எழுதுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். சிறுபான்மை ஆணையங்கள், பாதிக்கப்பட்ட பகுதியிலேயே தங்கவேண்டிய இரு நாட்டு அமைச்சர்கள், கடத்தப்பட்ட பெண்களை மீட்க ஓர் அமைப்பு என்று ஆள் குறித்த இடங்களும் இருக்கின்றன. கலவரக் காலத்து மதமாற்றம் கட்டாய மாற்றமாகவே கருதப்படும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கிழக்கு வங்காளத்தில் பயந்த இந்துக் குடும்பத்தையும் மேற்கு வங்காளத்தில் பயந்த முஸ்லிம் குடும்பத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். வகுப்பில் தமிழ் முஸ்லிம் பிள்ளையும் இருக்கும், ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது தலை குனிந்துகொள்ளும். எதிர்ப்பும் இரு பக்கமும் இருந்தது: இந்தியாவில் சியாமா பிரசாத் முகர்ஜியும் கே.சி. நியோகியும் அமைச்சர் பதவியை விட்டார்கள், பாகிஸ்தானில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பில்லை என்று சட்ட அமைச்சர் ஜோகேந்திரநாத் மண்டல் அதே ஆண்டு அக்டோபரில் விலகினார்.

நேரம் இருந்தால் இலங்கையும் இந்தியாவும் 1964-இல் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் எடுங்கள். அது மதத்தைப் பற்றியதல்ல, ஆனால் இலங்கைத் தோட்டத்து ஜனங்களைப் பற்றியது: குடியுரிமை இல்லாத 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தார்கள். வீட்டில் இன்னும் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை) வைத்திருக்கும் தாத்தா உள்ள பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1950 ஒப்பந்தத்தின் முழு வாசகம் இந்திய வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் கிடைக்கிறது. சட்ட ஆங்கிலம், அதனால் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஒரு பிள்ளை வாசிக்க இன்னொன்று தமிழில் சொல்லட்டும்.