லின்மவுத் மலை ரயிலில் ஏறுவது எப்படி?

இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? கீழே லின்மவுத்தில் தொடங்குங்கள். மேலே லின்டனில் தொடங்கி நடந்து இறங்கலாம் என்பார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு அந்த வளைந்து வளைந்து போகும் பாதை ஆகாது.

குளிர்காலத்தில் ரயில் ஓடாது. அதனால் கிளம்புமுன் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வழிச் சீட்டா, போக வர இரண்டுக்குமா என்று கவுண்டரில் கேட்பார்கள். இரண்டுக்கும் வாங்குங்கள்.

பெட்டிக்குள் உட்கார இடம் தேடாதீர்கள். பெட்டியோடு சேர்ந்த, கடலைப் பார்த்த திறந்த மேடையில் நில்லுங்கள். என் அம்மா கம்பியை விடவே இல்லை, ஆனால் கண்ணையும் மூடவில்லை.

புறப்படுமுன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 1890இல் ஓடத் தொடங்கிய நாள் முதல் இதற்கு எஞ்சினே கிடையாது. இரண்டு பெட்டிகளும் ஒரே வடத்தில், கிணற்று ராட்டினத்தின் இரு வாளிகள் மாதிரி. ஒவ்வொன்றின் அடியிலும் 700 காலன் தொட்டி, ஏறக்குறைய 3,200 லிட்டர். தண்ணீர் வெஸ்ட் லின் ஆற்றிலிருந்து வருகிறது. ஓட்டுநர்கள் சைகை பரிமாறியதும் கீழ்ப்பெட்டி தண்ணீரைக் கொட்டும்; கனத்த மேல்பெட்டி இறங்க, நாம் ஏறுவோம். பாதி வழியில் அது பக்கத்தில் கடக்கும், கேமராவைத் தயாராக வைத்திருங்கள்.

862 அடி நீளம், 500 அடி உயரம், சில நிமிடம்தான். அப்புறம் மேலே ஸ்கோன் என்ற சின்ன பன், க்ரீம், டீ. டெவனில் க்ரீமைத்தான் முதலில் தடவ வேண்டும், ஜாம் பிறகு.