தேர்தல் முடிவை எதிர்த்து கோர்ட்டுக்குப் போவது எப்படி?

வேலூர் மாவட்டம் காட்பாடியில் 2021 சட்டமன்றத் தேர்தலில் வித்தியாசம் 746 ஓட்டுதான். இப்படி ஒரு முடிவு வந்தாலே குடியாத்தம் வரைக்கும் "கோர்ட்டுக்குப் போனா மாறிடும்" என்று பேச்சு ஓடும். போகலாம், ஆனால் பேசிக்கொண்டே நாளைக் கழித்தால் வழக்கு அங்கேயே செத்துவிடும்.

வேலை எண்ணும் ஹாலிலேயே ஆரம்பிக்கிறது. முடிவை அறிவிக்கும் முன்பே, இன்ன காரணத்தால் மறு எண்ணிக்கை வேண்டும் என்று தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், கத்தினால் பதிவாகாது. பூத் ஏஜென்டுகளிடம் இருக்கும் 17சி படிவங்களை (அந்தந்த பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு) அன்றைக்கே வாங்கி வையுங்கள்.

அப்புறம், எந்தக் கோர்ட்? ஊராட்சித் தலைவர் தேர்தல் என்றால் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் மாவட்ட நீதிமன்றம். எம்.எல்.ஏ., எம்.பி. என்றால் சென்னை ஹைகோர்ட்டுக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அங்கே வேட்பாளர் மட்டுமல்ல, தொகுதி வாக்காளரும் மனு போடலாம், ஆனால் 45 நாளுக்குள். 46ஆம் நாள் போய் உடம்பு சரியில்லை, வக்கீல் ஊரில் இல்லை என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. டெபாசிட் 2,000 ரூபாய். எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் நீங்கள் கையெழுத்துப் போட்ட நகல் வேண்டும், "என்னையே ஜெயித்ததாக அறிவியுங்கள்" என்று கேட்டால் நூறு ஓட்டு வாங்கிய சுயேச்சை வரை எல்லா வேட்பாளர்களையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் விசாரணைக்கே போகாமல் தள்ளுபடி.

"பணம் கொடுத்தார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிற்காது. யார், யாருக்கு, எங்கே, எந்தத் தேதியில் என்று வேண்டும். ஓட்டுகளைத் தவறாகத் தள்ளினார்கள் என்றால், அவை சேர்ந்திருந்தால் முடிவே மாறியிருக்கும் என்று காட்டணும், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கென்யாவில் அதிபர் தேர்தல் வழக்கை 7 நாளில் போடணும், சுப்ரீம் கோர்ட் 14 நாளில் தீர்ப்புச் சொல்லியே ஆகணும். 2017இல் அப்படித்தான் தேர்தலையே ரத்து செய்தார்கள். பிரிட்டனில் மனுவுக்கு 21 நாள். அங்கே வின்செஸ்டரில் 1997இல் 2 ஓட்டில் தோற்றவர் வழக்குப் போட்டு மறுதேர்தல் வாங்கி, அதில் 21,556 ஓட்டில் தோற்றார், பாவம்!

நம்ம சட்டமும் 6 மாதத்தில் முடிக்கப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது. ஆனால் இந்திரா காந்தியின் 1971 வெற்றியை எதிர்த்த வழக்கில் அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது 1975 ஜூனில். ராதாபுரத்தில் 2016இல் 49 ஓட்டு வித்தியாசம். தபால் ஓட்டை மறுபடி எண்ணச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வரவே 2019 அக்டோபர் ஆனது, எண்ணியதும் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டது.

ஹைகோர்ட் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் 30 நாளில் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல். ஹைகோர்ட் தீர்ப்பு வரும் வரை ஜெயித்தவர்தான் எம்.எல்.ஏ., சம்பளத்தோடு.