சோதனை இசை செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

இசையை வெளியிட லேபிள் கிடையாது, மேனேஜர் கிடையாது. ஒரு லேப்டாப், ஒரு ரெக்கார்டர், ஒரு கேமரா. வழக்கமான பாட்டு வடிவத்தை விட்டு, ஒலிகளை வைத்துப் பரிசோதிக்கும் சோதனை இசை செய்கிற பலருக்கு ஸ்டூடியோ, டிசைன் டிபார்ட்மென்ட் எல்லாமே இவ்வளவுதான். யாரையும் கேட்காமல் எதையும் செய்து பார்க்கலாம் என்பதில் பெரிய சுகம் இருக்கிறது. ஆனால் வேலை வெளியே வரும்போது முளைக்கிற சிக்கல்களைக் கவனித்தால், இசையால் வருவது குறைவு. பதிவில் குரல் கொடுத்தவர், கூட வாசித்தவர், படம் எடுத்தவர், படத்தில் நிற்பவர் என்று உள்ளே இன்னொரு ஆள் இருப்பதை மறந்துபோவதால் வருவதுதான் அதிகம்.

ஃபீல்டு ரெக்கார்டிங்கிலிருந்து, அதாவது ஸ்டூடியோவுக்கு வெளியே இருக்கிற ஒலிகளைப் பதிவதிலிருந்து, ஆரம்பிக்கலாம். தொழில்நுட்பத் தவறுகளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். ரெக்கார்டரை ஆட்டோ லெவலில் விட்டுவிடாதீர்கள். அமைதியான இடத்தில் அது தானாகவே சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும், ஒரு லாரி கடந்ததும் சடாரென்று இறக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பிற்பாடு சரிசெய்வது பெரும்பாடு. கடற்கரைக்குப் போகும்போது மைக்கின் ஸ்பாஞ்சு உறை போதாது, ரோமம் வைத்த உறை வேண்டும். எம்பி3 வேண்டாம், சுருக்காத 24 பிட் வேவ் ஃபைலாக வையுங்கள். மெல்லிய சத்தம் முதல் பெரிய சத்தம் வரை உடையாமல் பதிகிற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் லெவலே பார்க்க வேண்டாம் என்று விளம்பரத்தில் சொல்வது பாதி உண்மை. தவிலுக்கு ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்து, மைக்கே தாங்காமல் பிளிறினால் எந்த ஃப்ளோட்டும் காப்பாற்றாது. பதிவு முடிந்ததும் இடம், நேரம், யார் குரல் என்று மைக்கிலேயே பேசி வைத்துவிடுங்கள். 'ஸூம்0047' என்ற பெயருடைய ஃபைலில் யார் பாடினார் என்று இரண்டு வருஷம் கழித்து ஒருவருக்கும் தெரியாது.

அடுத்தது, இன்னொருவர் குரலை வெறும் 'டெக்ஸ்சர்' ஆக, அதாவது பின்னணி ஒலிச் சாயலாக, எடுத்துக்கொள்வது. இசைக்கலைஞர்கள் பிரையன் ஈனோவும் டேவிட் பர்னும் 1981இல் வெளியிட்ட 'மை லைஃப் இன் தி புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்' ஆல்பத்தில் வானொலிக் குரல்களும் பழைய இசைத்தட்டுக் குரல்களும்தான் பாடகர்கள். அதில் ஒரு டிராக்கில் அல்ஜீரிய முஸ்லிம்கள் குர்ஆன் ஓதும் பதிவு இருந்தது. பிரிட்டனில் இஸ்லாமிய அமைப்பு ஒன்று ஆட்சேபித்த பிறகு, பின்னால் வந்த பதிப்புகளில் அந்த டிராக்கையே எடுத்துவிட்டார்கள். இசை உலகம் இன்றும் கொண்டாடுகிற ஆல்பம் அது, ஆனாலும் அந்த டிராக் போனது போனதுதான்.

நம் ஊரில் இதே கேள்வி ஒப்பாரியிலும் சாமியாட்டத்திலும் வரும். துக்க வீட்டில் அழுகிற ஒரு அம்மாவின் குரலை எடுத்து, எதிரொலியில் ஊறவைத்து, 'தமிழ்நாட்டுக் குரல்' என்று பெயர் போட்டு வெளியிடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. பாடியவரைத் திரும்பப் போய்ப் பார்த்து, முடிந்த டிராக்கை ஹெட்போனில் கேட்கவிட்டு, சரி என்றால் போடுங்கள். பெயரையும் போடுங்கள், காசையும் கொடுங்கள். கோயிலுக்குள் பதிவதாக இருந்தால் முன்கூட்டியே நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. பையில் ரெக்கார்டரை ஒளித்துக்கொண்டு போகிற சாகசமெல்லாம் வேண்டாம்.

சேர்ந்து வேலை செய்யும்போது

நல்ல கூட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவையும் ஜெர்மன் மின்னணு இசைக்கலைஞர் ஆல்வா நோட்டோவையும் காட்டுவேன். 2002இல் வந்த 'விரியூன்' தொடங்கி 2011இன் 'சம்வ்ஸ்' வரை ஐந்து ஆல்பங்கள். சகமோட்டோ பியானோ வாசித்தார், நோட்டோ அதை வெட்டியும் நீட்டியும், மெல்லிய மின்னொலிகளையும் 'டிக்' சத்தங்களையும் பக்கத்தில் வைத்தும் வேலை செய்தார். யாருடைய வேலை எங்கே முடிகிறது என்பது கேட்கும்போதே தெரியும். இங்கே பல கூட்டுகள் நடுவழியில் நிற்பதற்குக் காரணம் இதற்கு நேர்மாறானது. இரண்டு பேரும் எல்லாவற்றையும் தொடுகிறார்கள், நாற்பது டிராக் உள்ள புராஜெக்ட் ஃபைல் வாட்ஸாப்பில் அங்கும் இங்கும் போகிறது, 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் இதுதான்' என்று பெயர்கள் பெருகுகின்றன, கடைசியில் யாருக்கும் முடிக்க மனம் வருவதில்லை. எது என் கையில், எது உன் கையில், எந்தத் தேதியோடு நிறுத்துகிறோம் என்பதை முதல் ஃபைல் அனுப்பும் முன்பே பேசிவிட வேண்டும்.

ஃபைல் பரிமாற்றத்தில் அடிக்கடி கண்ணில் படுகிற கோளாறு சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்ற கணக்கு. ஒருவர் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிகிறார், மற்றவர் 48இல் திறக்கிறார். மாற்றாமல் அப்படியே ஓடவிட்டால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும், சுருதி சுமார் முக்கால் கட்டை ஏறும். ஒரே சுருதி நீண்டு ஒலிக்கும் டிரோன் இசையில் இது உடனே காதில் படாது. நாதஸ்வரமோ குரலோ மேலே வந்து உட்காரும்போதுதான் ஏதோ சரியில்லை என்று தெரியும். எல்லா ஸ்டெம்களும், அதாவது தனித்தனியாக எடுத்த ஒலி ஃபைல்களும், ஒரே ரேட்டில், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து இருக்கட்டும்.

நாதஸ்வரம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்தசைசர் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதியில் நிற்கிறது என்பதற்காக, வாசிக்க வந்தவரை அதற்கு இறங்கி வரச் சொல்வது அபத்தம். சின்தசைசரில் சுருதியைத் திருப்ப ஒரு குமிழ் போதும், அவருடைய வாத்தியத்தில் அது அவ்வளவு எளிதில்லை. முதலில் அவர் வாசிக்கட்டும், இயந்திரத்தை அவருடைய சுருதிக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் கிரெடிட்டில் 'பறை: உள்ளூர்க் கலைஞர்கள்' என்று எழுதுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். லேப்டாப் இயக்கியவருக்கு முழுப்பெயர், பறை அடித்தவருக்குப் பெயரே இல்லை என்றால் அது கூட்டு முயற்சியே கிடையாது.

இப்போது காகிதம். நண்பர்களுக்குள் எதற்கு ஒப்பந்தம் என்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) நட்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. உரிமையை எழுதிக் கொடுத்தால், அது கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லையென்றால் ஐந்து வருஷம். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியா மட்டும். வெளிநாட்டு லேபிள் ஒன்று கேசட் போடக் கேட்கும்போது இந்த இரண்டாவது வரி கழுத்தைப் பிடிக்கும். பங்கைப் பிரித்துச் சொல்ல முடியாதபடி இருவர் சேர்ந்து செய்த படைப்பு கூட்டுப் படைப்பு. அதை ஒருவர் மட்டும் போய்க் குறும்படத்துக்குக் கொடுத்துவிட்டால் சண்டை நிச்சயம். வக்கீல் பாஷையெல்லாம் தேவையில்லை. யார் யார், எத்தனை சதவீதம், எதற்கெல்லாம் இருவரையும் கேட்க வேண்டும், எவ்வளவு காலம், எந்தெந்த நாடு என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாலே பாதிச் சண்டை வராது.

படம்

எல்லாம் முடிந்த பிறகு, வெளியீட்டுக்கு முதல் நாள் ராத்திரி அட்டைப்படம் தேடுவது பலருக்கும் வழக்கம். அதனால்தான் இத்தனை ஆல்பங்களில் பனிமூட்டமும் ஆளில்லாத சாலையும் கறுப்பு வெள்ளை மரமும். அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கி 2001இல் தன்னுடைய பழைய டேப் லூப்புகளை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும்படி வளையமாக ஒட்டிய ஒலிநாடாக்களை, டிஜிட்டலுக்கு மாற்றியபோது, ஓட ஓட டேப்பின் பூச்சு உதிர்ந்து இசை கரைந்துகொண்டே போனது. அதே ஆண்டு செப்டம்பர் 11 மாலை, இரட்டைக் கோபுரம் விழுந்த இடத்தில் எழும் புகையை, புரூக்ளினில் தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று வீடியோ எடுத்தார். அந்த வீடியோவின் காட்சிகள்தான், அந்த லூப்புகளை வைத்து வந்த 'தி டிஸின்டிகிரேஷன் லூப்ஸ்' ஆல்பங்களுக்கு அட்டையாயின. 1982இல் தொடங்கிய லண்டனின் 'டச்' லேபிளை எடுத்துக்கொண்டால், ஜான் வோஸன்கிராஃப்ட் எடுத்த படங்கள் அதன் அட்டைகளின் அடையாளம். வெவ்வேறு இசைக்காரர்களின் ஆல்பங்கள் என்றாலும் அடுக்கி வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரியும். நீங்களே கேமரா வைத்திருப்பவர் என்றால் இது இன்னும் எளிது. ஒலி பதியப் போகிற இடத்திலேயே, அதே வெளிச்சத்தில் படமும் எடுங்கள். சதுரமாக வெட்டுவதற்கு இடம்விட்டு எடுங்கள். பிரசவ வேதனைப்பட்டு வைத்த எழுத்து, போன் திரையில் நகக்கண் அளவில் தெரிகிறதா என்று பாருங்கள்.

படம் எடுத்தவர் வேறொருவர் என்றால் மறுபடியும் சட்டம்தான். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். நண்பர் சும்மா எடுத்துக் கொடுத்தது நண்பருக்குச் சொந்தம். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படத்தில் இருப்பவர் தனிக் கதை. அமெரிக்க ராக் குழுவான வாம்பயர் வீக்கெண்ட் சோதனை இசைக் குழு இல்லைதான், ஆனாலும் இங்கே பொருந்தும். 2010இல் வந்த அவர்களுடைய 'கான்ட்ரா' அட்டையில் ஒரு பெண்ணின் பழைய போலராய்டு படம் இருந்தது. புகைப்படக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் போட்டார்கள். நான் சம்மதமே கொடுக்கவில்லை என்று அந்தப் பெண் வழக்குப் போட, மறு வருஷம் சமரசத்தில் முடித்தார்கள். எடுத்தவர் சரி சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். சந்தையில் எடுத்த பூக்காரர் முகத்துக்கும் இது பொருந்தும்.

நிகழ்ச்சியில் எடுக்கும் படத்துக்கு ஒரு விசேஷத் தொல்லை உண்டு. மெல்லிய இசை ஓடும்போது ஷட்டர் 'கிளிக்' பதிவில் விழுந்துவிடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால் எல்ஈடி விளக்கில் படம் முழுக்கக் கோடு கோடாக வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வேகம் வைத்தால் சாதாரண விளக்குகளில் கோடு குறையும். மங்கலாக்கி வைத்த மேடை எல்ஈடிகள் அதற்கும் மசியாது. சவுண்ட் செக்கிலேயே படத்தை முடித்துக்கொள்வதுதான் வழி.

வெளியிடும்போது

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒரு புதுப்பெயர் வைத்தால், கேட்பவர் ஒவ்வொரு முறையும் உங்களைப் புதிதாகத் தேட வேண்டும். பெயர் வைக்கும் முன் ஸ்ட்ரீமிங் தளங்களில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் டிரோன் வேறொருவருடைய டான்ஸ் பாட்டுப் பக்கத்தில் போய் உட்காரும். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு கணக்கு, இருபது நிமிட டிராக்குக்கும் அதே ஒரு கணக்குதான். 2024 முதல் ஒரு டிராக் பன்னிரண்டு மாதத்தில் 1000 முறை ஓடாவிட்டால் அதற்கு அங்கே பதிவுக்கான ராயல்டியே கிடையாது. அதற்காக இசையை இரண்டு இரண்டு நிமிடமாக வெட்டாதீர்கள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் முழு ஆல்பத்தையும் வைத்து, ஸ்ட்ரீமிங்கில் ஒரு துண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். அதே பதிவை இன்னொரு தொகுப்பில் திரும்ப வெளியிட்டால் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள சர்வதேச அடையாள எண்) கொடுங்கள். ரீமிக்ஸ் என்றால் புது எண் வாங்க வேண்டும்.